கயிற்றின் அந்த முனையில் முனிராஜ்

போன மாதம் நீங்கள் மூன்று பேரும் பெங்களூரு போகிற வழியில் ராயக்கோட்டையில் இறங்கி, என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். முதல் முறையாக ஆளுக்கொரு கடற்படைக் கமாண்டோ குழு கைக்கு வந்திருக்கிற சந்தோஷம் மூன்று முகங்களிலும் தெரிந்தது. "சார், உங்க சர்வீஸ்லயே ரொம்ப கஷ்டமான நிமிஷம் எது?" என்று உங்களில் உயரமானவர் கேட்டார். கடத்தப்பட்ட கப்பலில் ஏறிய கதையைச் சொன்னேன். வாய் பிளந்து கேட்டீர்கள். "அம்பதாவது தடவ சொல்றார், மோர்க்கொழம்பு ஆறிடப் போவுது" என்று என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு கிளம்பிப் போய்விட்டீர்கள்.

கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. வேறு கேள்விக்குப் பதில் சொல்லி உங்களை அனுப்பிவிட்டேன். இத்தனை வருடங்களாக எல்லோரையும் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் போன பிறகு ஒன்று நடந்துவிட்டது. அதனால் இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது.

எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகும். காலையில் எழுந்தால் தக்காளி மண்டி லாரிகளின் ஹாரன்தான் கேட்கும். ஓய்வு பெற்ற முதல் வருடம் தண்ணீரைத் தேடிப் பைத்தியக்காரன் மாதிரி அலைந்தேன். கெலவரப்பள்ளி அணைக்குப் போய் நின்றேன். தண்ணீர்மேல் வெள்ளையாக நுரை. ஒரு நொடி மனசு குதித்தது. அடுத்த நொடி மூக்கு சொல்லிவிட்டது, அது சாக்கடை நுரை என்று. வீட்டுக்கு வந்து புலம்பினேன். "ட்ரம்ல தண்ணி புடிச்சி ரெண்டு கை கல்லுப்பு போட்டுத் தரட்டுமா? உள்ள எறங்கி உக்காந்துக்கறீங்களா?" என்றாள் மனைவி.

அவளிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். நான் ஏங்கியது கடலுக்காக மட்டும் இல்லை. என் இடது மணிக்கட்டில் ஒரு கயிறு வெடுக்கென்று ஒரு தடவை இழுபட வேண்டும். அதற்காகத்தான் ஏங்கினேன். பேப்பர் படிக்கும்போது, சட்டைப் பொத்தான் போடும்போது, சும்மா பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த இடம் காத்துக்கொண்டிருக்கும்.

உங்களுக்கு அந்தக் கயிறு தெரியும். துறைமுகத் தண்ணீரில் பட்டப்பகலிலும் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. அதனால் இரண்டு பேரை ஜோடி சேர்த்து, மணிக்கட்டோடு மணிக்கட்டை ஆறடிக் கயிற்றால் கட்டி இறக்குவார்கள். பேச முடியாது, பார்க்க முடியாது. ஒருவன் ஒரு தடவை இழுத்தால் 'நல்லா இருக்கியா?' என்று அர்த்தம். மற்றவன் ஒரு தடவை இழுத்தால் 'இருக்கேன்'. எங்கள் காலத்திலிருந்து இன்றுவரை கேள்வியும் பதிலும் ஒரே மாதிரிதான். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

என் கயிற்றின் அந்த முனையில் இருந்தவன் முனிராஜ். கெலமங்கலத்து விவசாயக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். பயிற்சித் தளத்தில் ஒரு நாள் பாசி பிடித்த படியில் நான் சறுக்கினேன். பின்னாலிருந்து ஒரு குரல், "பாத்து சாமி, மொகர பேந்துரும்" என்றது. எல்லோரும் இந்தி பேசுகிற இடத்தில் அப்படி ஒரு வார்த்தை! திரும்பி ஊர் எது என்று கேட்டேன்.

"கெலமங்கலம் சார்."

"நான் ராயக்கோட்டை. எங்கப்பா தக்காளி மண்டில தரகு."

"அப்ப எங்க தக்காளிய அழுகல்னு சொல்லித் திருப்பி அனுப்பனது உங்கப்பாதானா?" என்றான். நான் அதிகாரி, அவன் மாலுமி என்பதெல்லாம் அவனுக்கு அந்த நேரத்தில் ஞாபகமே இல்லை. எனக்கும் இல்லை.

இருவருமே சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். கடலோரத்துப் பிள்ளைகள் எங்களைப் பார்த்து, 'கிணத்துத் தவளைங்க' என்று சிரிப்பார்கள். ஆனால் கிணற்றில் இருட்டுத் தண்ணீரின் அடியில் மண் எடுத்துப் பழகிய எங்களுக்குத் துறைமுகக் கலங்கல் பெரிய விஷயமாகப் படவில்லை. மூன்று வருடம் அவன்தான் என் ஜோடி. அவனுடைய இழுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் இழுப்புகளில் அடையாளம் சொல்வேன். மளிகைக் கடைக்காரர் பொட்டலத்து நூலை அறுப்பது போல வெடுக்கென்று ஒன்று, அவ்வளவுதான். அது வந்துவிட்டால் போதும், எனக்கு எந்தப் பயமும் இருக்காது.

அந்த நாள் ஒரு ஒத்திகை. மேலிடத்திலிருந்து பெரியவர்கள் பார்க்க வந்திருந்தார்கள். நங்கூரமிட்ட பெரிய கப்பலின் அடிவயிற்றின் கீழ் நுழைந்து, மறுபக்கத்தில் ஒரு பொம்மை வெடியைப் பொருத்திவிட்டு, குறித்த நேரத்துக்குள் வெளியே வர வேண்டும். நான் தலைமை ஏற்ற முதல் ஒத்திகை. காலை பத்து மணி வெயில் மேலே அடித்தது. கீழே ஒன்றும் தெரியவில்லை.

கப்பலின் அடியில் பாதி தூரம் போனபோது ஒரு தடவை இழுத்தேன். பதில் இல்லை. காத்திருந்தேன். மறுபடி இழுத்தேன். கயிறு மெதுவாக நீண்டது, மெதுவாகத் தளர்ந்தது.

அது முனிராஜ் இல்லை. எனக்குத் தெரியும். நீரோட்டம் திரும்புகிற நேரம், தண்ணீர் கயிற்றை இழுத்துவிட்டது. ஆனால் திரும்பினால் ஒத்திகை தோல்வி. தலைக்கு மேல் இரும்பு. கடிகாரம் ஓடுகிறது. மனசுக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்திருக்கிறான் தம்பிகளே, அவன் நமக்காக மட்டும்தான் வாதாடுவான். 'அவன்தான் இழுத்தான், களைப்பா இருக்கான், அதான் மெதுவா இழுக்கறான்' என்றான். நான் தலையாட்டினேன். அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டு முன்னால் போனேன்.

நான்கு நிமிடம். பிறகு கயிறு கனத்தது. பிடித்து இழுத்துப் பார்த்தால் அவன் காற்றுக்குழாய் வாயிலிருந்து நழுவி, துணி மூட்டை போல வந்து என்மேல் மோதினான். எப்படி வெளியே கொண்டுவந்தேன் என்று எனக்கு நினைவில்லை. படகில் இருந்த டாக்டர் அவன் நெஞ்சை அமுக்கி அமுக்கி மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தார். உயிர் தங்கிவிட்டது. நுரையீரல் கெட்டது, ஒரு காதும் போய்விட்டது. இனி தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள்.

விசாரணையில் உட்கார்ந்திருந்தவர் என்னை உருவாக்கிய மூத்த அதிகாரி. எந்த விசாரணையிலும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். என்னிடமும் ஒன்றுதான் கேட்டார். "பதில் வந்ததா?"

"வந்தது, சார்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் வழக்கத்தில் இல்லாதபடி இரண்டாவது முறையும் கேட்டார். "உறுதியாக?"

"உறுதியாக, சார்."

இரண்டாவது வாய்ப்பையும் தந்தார் மனிதர். நான் அதையும் தொலைத்தேன். முனிராஜை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே விசாரித்தார்கள். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. சாரு பதில் வந்துச்சின்னு சொன்னா வந்துதான் இருக்கும். மூச்சு கொழம்பி நான்தான் தப்பா இழுத்துருப்பேன்" என்றானாம். தவறான சைகை கொடுத்தவர் என்று அவன் கோப்பில் ஏறியது. எங்கள் பிரிவிலிருந்து எடுத்து, ஒரு கிடங்கில் சாமான் கொடுக்கிற வேலைக்குப் போட்டார்கள்.

போகிற அன்று என் அறைக்கு வந்து சல்யூட் அடித்தான். "என்னால உங்களுக்குக் கெட்ட பேரு வரப் பாத்துச்சி சார். மன்னிச்சிக்கங்க" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்ல முனிராஜ்" என்றேன். பரவாயில்லையாம்! என் நாக்கை அறுத்துப் போட்டிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் நான் ஏறினேன், ஏறிக்கொண்டே இருந்தேன். நீங்கள் வாய் பிளந்து கேட்ட அந்தக் கப்பல் கதையில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. கடத்தப்பட்ட கப்பலைச் சுற்றி எங்கள் படகுகள் நின்றன. பிணைக்கைதிகள் மேல்தளத்துக்கு வந்து சைகை காட்டினால்தான் ஏற வேண்டும். "கை ஆட்டறாங்க சார், போலாம்" என்று என் ஆட்கள் துடித்தார்கள். எனக்கும் ஏதோ ஆடுவது தெரிந்தது. ஆனால் அது நீண்டு தளர்கிற ஆட்டமாக இருந்தது. நில் என்றேன். பதினொரு நிமிடம் எல்லோரும் என்னை மனசுக்குள் திட்டியிருப்பார்கள். ஆடியது கொடியில் காயப்போட்ட ஒரு சட்டையின் கை. பிறகு பிணைக்கைதிகள் ஏழு பேரும் வரிசையாக வந்து, தலைமேல் கை வைத்து நின்றார்கள். அப்போதுதான் ஏறினோம். ஒருவருக்கும் கீறல் இல்லை. என் பொறுமையைப் புகழ்ந்து பதக்கம் குத்தினார்கள். அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சந்தேகமான பதில் பதிலே இல்லை என்பதை நான் முனிராஜின் நுரையீரலை வைத்துப் படித்தேன்.

நீங்கள் வந்துபோன அடுத்த வாரம் பக்கத்து வீட்டு ஜெசிந்தா மாதா கோயிலுக்குப் போய்விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை அவளுக்கு. பேச்சுவாக்கில் சொன்னாள். "அங்கிள், எங்க சேஃப்டி சூப்பர்வைசர் கூட நேவிதானாம். டேங்க் கழுவ ஆள எறக்கறப்ப கயித்துலயே பேசுவாரு. புது பேட்ச் வந்தா மொதல் நாளே அவரு கதைய சொல்லிருவாரு. தண்ணிக்குள்ள தப்பா கயித்த இழுத்து, செத்துப் பொழச்சாராம். 'என்ன மாதிரி தப்பு பண்ணாதீங்கப்பா'ன்னு கை எடுத்துக் கும்புடுவாரு. பாவமா இருக்கும்."

பெயர் கேட்டேன். சொன்னாள். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

மறுநாளே கிளம்பினேன். காரை மகள் எடுத்துப் போயிருந்ததால் பஸ். சானமாவு காட்டுப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். "யானை ரோட்டுல எறங்கிருச்சி, ஃபாரஸ்ட்காரங்க விட்டாத்தான் போவ முடியும்" என்றார் கண்டக்டர். முக்கால் மணி நேரம் நின்றோம். பின்சீட்டு அம்மா ஒருத்தி தக்காளிக் கூடையைக் கட்டிக்கொண்டு, யானையின் வம்சத்தையே தெலுங்கில் திட்டினாள். நானோ, யானை மேல் பழியைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். வக்கீல் மறுபடி பேச ஆரம்பித்தான். 'வயசாயிடுச்சி, இப்ப போய் ஏன் கிளறணும், அவன் நிம்மதியா இருக்கான்.' நிம்மதியாக இருப்பவன் எதற்கு ஒவ்வொரு புதியவனிடமும் கை கூப்புகிறான்? பஸ் நகர்ந்தது. நான் இறங்கவில்லை.

நான் வந்திருப்பதைச் சொன்னதும் முனிராஜ் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டான். தலை முழுக்க வழுக்கை, இடது காதில் கேட்கும் கருவி. என்னைப் பார்த்ததும் ஹெல்மெட்டோடு விறைத்து ஒரு சல்யூட். "சார்! நீங்களா! ஏமி சார், இப்டி எளச்சிப் போயிட்டீங்க? வூட்டம்மா சோறு போடறதில்லையா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கை என் மணிக்கட்டில் பட்டது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

"வேல நடக்குது, வாங்க, பாத்துக்கினே பேசலாம்" என்று ரசாயனத் தொட்டி பக்கம் கூட்டிப் போனான். உள்ளே ஒருவர் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தார். அவர் மணிக்கட்டில் கயிறு.

"நம்ம கயிறுதான் சார்! ஆனா ஒண்ணு மாத்திட்டன். மேல இருக்கறவன் ஒரு தடவ இழுப்பான். உள்ள இருக்கறவன் அதே மாதிரி இழுத்தா ஒத்துக்க மாட்டன். ஒண்ணு, கொஞ்சம் நிறுத்தி ரெண்டு. அப்பதான் பதில். கொழம்பிப் போனவனுக்கு அந்தக் கணக்கு வராது. வரலன்னா ஒடனே தூக்கிருவம். நான் பண்ண தப்புல இருந்து வந்த ரூல் சார் இது."

பஸ்ஸில் நான் நிறைய வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். "முனிராஜ், அன்னிக்கி நீ இழுக்கல" என்றேன்.

"என்னா சார்?" காதுக் கருவியைத் திருகினான். மோட்டார் சத்தம் வேறு. நான் கத்த வேண்டியிருந்தது.

"நீ இழுக்கல! தண்ணி இழுத்துச்சி! எனக்கு அப்பவே தெரியும்!"

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கவிழ்த்து வைத்திருந்த ஒரு ட்ரம்மின் மேல் உட்கார்ந்தான்.

"அப்பவேவா?"

"அப்பவே."

"வெசாரணைல?"

"பொய் சொன்னேன்."

ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அப்புறம் தரையைப் பார்த்துச் சொன்னான். "இருவது வருஷத்துக்கு மேல ஆச்சி சார். நான் கடல விட்டது கூட பரவால்ல. எங்கைய நானே நம்பல சார். தூக்கத்துல கைய இழுத்துக்கினே இருக்கன்னு வூட்ல சொல்லும். ஒரு இழுப்புல தப்பு பண்ணவன்னு நெனச்சி நெனச்சி..."

தொட்டி அருகே இருந்தவர் ரெடி என்று கை காட்டினார். முனிராஜ் எழுந்து போய்க் கயிற்றை எடுத்தான். என்னை அறியாமலே என் கை நீண்டுவிட்டது. "நான் புடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"வேணாம் சார்." குரலில் கோபம் இல்லை. "இதுக்கு ஆள் இருக்காங்க."

தள்ளி நின்று பார்த்தேன். அவன் ஒரு தடவை இழுத்தான். அதே வெடுக். உள்ளிருந்து ஒன்று, நிறுத்தி இரண்டு வந்தது. அவன் தலையசைத்தான்.

வேலை முடிந்து அந்த ஆள் வெளியே வந்ததும், முனிராஜ் அங்கிருந்த எட்டுப் பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தான். "நான் சொல்ற கதைல ஒரு ஆபிசர் வருவாரில்ல, அவுரு இவுருதான். அந்தக் கதைல ஒரு தப்பு இருக்குது. அவுரே சொல்லுவாரு" என்றான்.

பெரிய பெரிய அவைகளில் பேசியவன் நான். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தமிழில் சொன்னேன். தெலுங்குக்காரர்கள் இருவர் விழித்தார்கள், தெலுங்கில் சொன்னேன். வடக்கிலிருந்து வந்த ஒருவர் என்ன என்று கேட்டார், இந்தியில் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பேச்சு குறுகியது. கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது: அவர் தப்பு செய்யவில்லை, நான் செய்தேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. தொட்டிக்குள் இறங்கி வந்தவர் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அப்ப நீங்க கரெக்டாத்தான் இருந்தீங்களாண்ணா?"

முனிராஜ் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆமாம்ப்பா. நான் இழுக்கல" என்றான். சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான்.

வாசல் வரை வந்து வழியனுப்பினான். ஒரு நாள் வீட்டுக்கு வா என்றேன். "வரேன்னு இப்ப சொல்ல முடியாது சார். மனசுக்குத் தோணுச்சின்னா போன் பண்றன்" என்றான். சல்யூட் அடிக்கவில்லை. அதுதான் சரி.

அந்தக் கோப்பைத் திருத்தச் சொல்லி, என் வாக்குமூலத்தைத் தலைமையகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் குழுக்களில் பதில் இழுப்பை மாற்றுங்கள்: ஒன்று, நிறுத்தி இரண்டு. யார் சொல்லிக்கொடுத்தது என்று பிள்ளைகள் கேட்டால், கெலமங்கலம் முனிராஜ் என்று சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம்.

பதினாறு நாளாகிறது. போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். நேற்று பெயர் தெரியாத எண்ணிலிருந்து ஒரு தடவை அடித்து நின்றது. "அவராத்தான் இருக்கும், கூப்புட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி. எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவன் இழுத்தால் எனக்குத் தெரியும்.